கடல் தாண்டும் பழைய செம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: "மில்பெரி செம்புக் கம்பி, சுத்தம் 99.99 சதவீதம், லண்டன் விலையைவிட 35 சதவீதம் குறைவு, மாதம் 500 டன்" என்று அடிக்கடி மின்னஞ்சல் வருகிறது. நம்பி இறங்கலாமா?

பதில்: வேண்டாம். காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்; அடுத்த மின்னஞ்சலில் அந்த 35 என்பது 12 ஆகி, நம்பும்படியாக இருக்கும்.

பளபளக்கும் முதல் தரக் கம்பிக்குச் சுத்திகரிப்பே தேவையில்லை. கம்பித்தண்டு வார்க்கும் உலையில் நேரே போடலாம். அதனால் லண்டன் உலோகச் சந்தை விலையைவிடச் சில சதவீதம் மட்டும் குறைத்து, கையோடு பணம் கொடுத்து எடுத்துக்கொள்ள ஆலைகள் காத்திருக்கின்றன. அப்படி விலைபோகும் சரக்கை, மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து முகம் தெரியாதவருக்கு விற்க எவருக்கும் அவசியம் இல்லை. முன்பணம் 20 அல்லது 30 சதவீதம் வாங்கியதும் தொலைபேசி அணைந்துவிடும்.

விளம்பரத்தில் இருக்கும் சொற்களே ஆளைக் காட்டிக்கொடுக்கும். உலகெங்கும் ஒப்பந்தங்களில் எடுத்தாளப்படும் தரப்பட்டியலை அமெரிக்கப் பழைய உலோக வியாபாரிகளின் சங்கமான இஸ்ரி வெளியிட்டுவந்தது. 2024-ல் அந்த அமைப்பு ரீமா என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்தப் பட்டியலில் பளபளப்புக் கம்பிக்கு உள்ள சொல் 'பார்லி'. 'மில்பெரி' என்பது சந்தையில் புழங்கும் பெயர்தான். பார்லிக்கான விளக்கத்தில் சதவீதமே கிடையாது. பூச்சு இல்லாத, உலோகக்கலவை அல்லாத கம்பி, 16-ஆம் கேஜுக்கு, அதாவது சுமார் 1.3 மி.மீ. தடிமனுக்குக் குறையாதது என்றுதான் இருக்கும். பல இடங்களில் பொறுக்கிச் சேர்த்த சரக்குக்கு நான்கு ஒன்பதுகளை உறுதியளிப்பவர் செம்பு விற்றுப் பழகியவர் இல்லை.

கேள்வி: பார்லி, பெர்ரி, கேண்டி, பர்ச், கிளிஃப் என்று எத்தனை பெயர்கள்! எல்லாம் செம்புதானே?

பதில்: செம்புதான். உலைக்காரர் அதை எந்த வாசல் வழியாக உள்ளே விடுவார் என்பதைத்தான் பெயர் சொல்கிறது. தந்தி அடித்து வியாபாரம் செய்த காலத்துச் சுருக்கச் சொற்கள் இவை; ஒரு சொல்லுக்குள் ஒரு பத்தி நிபந்தனை அடங்கியிருக்கிறது.

பெர்ரியும் கேண்டியும் முதல் தரம். பெர்ரி என்றால் கம்பியும் கேபிளும். நிறம் மங்கியிருக்கலாம், ஆனால் வெள்ளீயப் பூச்சு கூடாது, எரித்து முறுமுறுவென்று ஆன கம்பி கூடாது. கேண்டி என்றால் கனமான துண்டுகள்: பஸ்பார் எனும் மின்பலகைப் பட்டை, வெட்டுத் தகடு, மோட்டாரின் சுழலும் பகுதியில் இருக்கும் கம்யூட்டேட்டர் துண்டு. சுத்தமான குழாயும் சேரலாம்.

பர்ச்சும் கிளிஃபும் இரண்டாம் தரம். பர்ச் கம்பி, கிளிஃப் கட்டிகளும் குழாயும். இரண்டுக்குமே செம்பு 96 சதவீதம் என்பது பொது அளவு, 94-க்குக் கீழே போகக்கூடாது. இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் பாதித் தகராறு நடக்கிறது. வாங்குபவர் 96-க்குப் பணம் தருகிறார், விற்பவர் 94.2 அனுப்பிவிட்டு "விதிக்குள்தானே இருக்கிறது" என்கிறார். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் இது தீரும்: 96-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலையில் அதே விகிதம் கழிவு, 94-க்குக் கீழே போனால் சரக்கை மறுக்கும் உரிமை.

அதற்கும் கீழே ட்ரீம்: மெல்லிய தகடு, கொதிகலன், கூரைச் செம்பு. பொது அளவு 92, குறைந்தது 88. உறையோடு வரும் கேபிளுக்கு ட்ரூயிட். உரித்து அரைத்த மணிகளுக்கு, 99 சதவீதத்துக்குக் குறையாதது குளோவ், 97-க்குக் குறையாதது கோப்ரா.

கேள்வி: பளபளப்புக் கம்பி என்று அனுப்பினோம். கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியில் 99.8 காட்டியது. ஆலை இரண்டாம் தரம் என்று திருப்பிவிட்டது. யார் சொல்வது சரி?

பதில்: ஆலை சொல்வதே சரியாக இருக்கும். அது பெரும்பாலும் மோட்டார் சுற்றிய எனாமல் கம்பி. எனாமல் என்பது கரிமப் பூச்சு. எக்ஸ்-கதிர்க் கருவிக்கு அது கண்ணாடி மாதிரி, கதிர் ஊடுருவிப்போய் உள்ளே இருக்கும் செம்பை மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்லும். உலையில் அந்தப் பூச்சு புகையாகும்.

கருவியே இல்லாமல் கண்டுபிடிக்கலாம். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி காட்டும் நிலையில் வைத்து, கம்பியின் பக்கவாட்டில் இரண்டு முனைகளையும் அழுத்தாமல் தொடுங்கள். ஒலித்தால் வெறும் கம்பி, ஒலிக்காவிட்டால் பூச்சு இருக்கிறது. நுனியைக் கத்தியால் சுரண்டிவிட்டுத் தொட்டால் ஒலிக்கும், சந்தேகம் தீரும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று, அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புத் தோல் போர்த்தியது. மேற்பரப்பை மட்டும் பார்க்கும் எந்தச் சோதனையிலும் அது செம்பாகவே தேறும். வெட்டிய முனையில் வெண்மை தெரியும், ஆனால் மெல்லிய இழைகளில் கண்ணுக்குப் படாது. அப்போது எடை பாருங்கள். அளவுகுவளையில் தண்ணீர் 50 மி.லி. உயரும் வரை கம்பியை அமிழ்த்தி, பிறகு எடுத்துத் துடைத்து நிறுங்கள். செம்பு என்றால் 448 கிராம் அருகில் நிற்கும். கன அளவில் 15 சதவீதம் செம்பு போர்த்திய அலுமினியம் என்றால் 180 கிராமைச் சுற்றி வரும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குக் கெடும்; குலுக்கிவிட்டுப் பாருங்கள். எஃகுக்கு மேல் செம்பு போர்த்தியதும் உண்டு, அதைக் காந்தமே பிடித்துக்கொடுக்கும்.

கேள்வி: சுத்தமான செம்புக் குழாயைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினால் என்ன குறை?

பதில்: குடிநீர், குளிர்சாதனக் குழாய்களின் செம்பில் ஆக்சிஜனை நீக்கப் பாஸ்பரஸ் சேர்த்திருப்பார்கள், 0.015 முதல் 0.040 சதவீதம் வரை. பற்றவைக்க நல்லது. ஆனால் மின்கடத்தும் திறன் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். மின்கம்பி வார்க்கும் உலையில் ஒரு கட்டுக் குழாய் விழுந்தால் அந்த வார்ப்பு முழுவதும் பாழ். தனித்தனியாகக் கட்டுங்கள், தனித்தனியாகவே விலை பேசுங்கள்.

கேள்வி: சரக்கு நல்ல தரம், எடையும் சரி, விற்ற சதவீதமும் மோசமில்லை. ஆனாலும் நட்டம். எங்கே போயிற்று பணம்?

பதில்: எந்த நாளின் விலை என்று பேசாமல் விட்டிருப்பீர்கள்.

ஸ்கிராப்புக்குத் தனி விலைப்பலகை கிடையாது. சுத்திகரித்த செம்பின் சந்தை விலையில் இத்தனை சதவீதம், அல்லது அதிலிருந்து இவ்வளவு கழிவு என்றுதான் பேச்சு. கணக்குக்காகச் சந்தை விலை டன்னுக்கு 10,000 டாலர் என்று கொள்வோம். 96 சதவீதம் என்றாலும் 400 டாலர் கழிவு என்றாலும் 9,600 வரும். சந்தை 8,000-க்கு இறங்கினால் முதல் முறையில் 7,680, இரண்டாவதில் 7,600. ஏறினால் தலைகீழ். எந்த முறை என்பதை விலை ஏறும் என்று நினைக்கிறீர்களா, இறங்கும் என்று நினைக்கிறீர்களா என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. உங்கள் கொள்முதல் எந்த முறையில் இருக்கிறதோ விற்பனையும் அதே முறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது நாள். நீங்கள் நிலையான விலைக்கு வாங்கி, "சரக்கு சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதச் சராசரி" என்று விற்றிருந்தால், கப்பலில் 40 நாளும் அதன்பின் ஒரு மாதமும் விலை ஆட்டத்தைச் சுமப்பது நீங்கள். இலாபம் டன்னுக்கு 150 டாலர். சந்தை ஒரு வாரத்தில் 500 டாலர் ஆடும். இதை அடைக்க இரண்டு வழி. வாங்குவதையும் விற்பதையும் ஒரே நாளில் விலை முடிப்பது முதல் வழி. முடியாவிட்டால் எதிர்கால ஒப்பந்தத்தில், அதாவது பின்னொரு தேதிக்கான விலையை இன்றே சந்தையில் முடிக்கும் ஒப்பந்தத்தில், அதே அளவை விற்றுவைப்பது.

இந்த இரண்டாவது வழியில் அளவு இடிக்கும். லண்டன் ஒப்பந்தம் ஒன்று 25 டன். ஒரு கன்டெய்னரில் 20 டன் பர்ச் இருந்தால் உள்ளே செம்பு 19.2 டன்தான். ஒரு கன்டெய்னருக்கு ஓர் ஒப்பந்தம் விற்றால் இல்லாத 5.8 டன்னையும் சேர்த்து விற்றுவிட்டீர்கள். அது காப்பு அல்ல, சூதாட்டம். ஐந்து கன்டெய்னர் சேர்ந்தால் 96 டன், நான்கு ஒப்பந்தங்களுக்குக் கிட்டத்தட்டச் சரி. சிறிய வியாபாரிகளுக்கு 25,000 பவுண்டு, அதாவது 11.34 டன் கொண்ட, நியூயார்க் சந்தையான காமெக்ஸின் ஒப்பந்தம் அளவில் பொருந்தும். ஆனால் அங்கே வேறொரு பள்ளம் இருக்கிறது.

லண்டன் விலையும் காமெக்ஸ் விலையும் பொதுவாக அண்ணன் தம்பி போல ஒட்டியே நடக்கும். 2025-ல் அமெரிக்கா செம்புக்கு இறக்குமதி வரி போடப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் காமெக்ஸ் தனியாக எகிறியது. ஜூலை 30 அன்று வந்த அறிவிப்பில் 50 சதவீத வரி குழாய், தகடு, கம்பி போன்ற அரைமுடிவுப் பொருள்களுக்கு மட்டும் என்றும், சுத்திகரித்த செம்புத் தகடான கேத்தோடும் ஸ்கிராப்பும் அதில் இல்லை என்றும் தெரிந்ததும், காமெக்ஸ் ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. லண்டன் பெரிதாக அசையவில்லை. காமெக்ஸ் கணக்கில் வாங்கி லண்டன் கணக்கில் விற்றவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தால் அன்று கண் திறந்திருக்கும்.

எதிர்கால ஒப்பந்தம் சந்தை விலையைத்தான் காக்கும், ஸ்கிராப்புக்குப் பேசும் விலைக் கழிவைக் காக்காது. சந்தை வேகமாக ஏறும்போது எல்லோரும் கிடங்கைத் திறந்துவிடுவார்கள், ஸ்கிராப் குவியும், கழிவு பெரிதாகும். அதற்குத் தனியாக இடம் விட்டுத்தான் இலாபம் போட வேண்டும்.

இன்னொன்று: அமெரிக்க விற்பனையாளர் "காமெக்ஸ் கழித்தல் 15" என்றால் பவுண்டுக்கு 15 சென்ட். ஒரு மெட்ரிக் டன் 2,204.62 பவுண்டு; ஆக டன்னுக்கு சுமார் 331 டாலர்.

கேள்வி: உறையோடு கூடிய கேபிள் வாங்கும்போது செம்பு எவ்வளவு தேறும் என்று எப்படிக் கணிப்பது?

பதில்: கண்ணால் கணிக்காதீர்கள். ஒரே தடிமனில் இருக்கும் இரண்டு கேபிள்களில் ஒன்று 75 சதவீதம் தேறும், இன்னொன்று 45.

குவியலை முதலில் வகை பிரியுங்கள்: ஒற்றை மையத் தடிமன் கேபிள், பல மையக் கேபிள், மெல்லிய இழைக் கம்பி, எஃகுக் கவசம் உள்ளது, ஜெல்லி நிரப்பிய தொலைபேசிக் கேபிள். ஒவ்வொரு வகையிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடங்களில் எடுத்து மொத்தம் 5 கிலோவாவது சேருங்கள். முனைகளை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். அங்கே உறை உரிந்தோ கழன்றோ இருக்கும், விகிதம் கூடிக் காட்டும். நிறுத்து, உரித்து, செம்பை மட்டும் மறுபடி நிறுங்கள். பிறகு வகைவாரி எடையை வைத்து மொத்தக் கணக்கு.

20 டன் கன்டெய்னரில் 62 சதவீதம் என்று போட்டது 60 ஆகிவிட்டால் 400 கிலோ செம்பு இல்லை. மேலே சொன்ன 9,600 டாலர் விலையில் அது 3,840 டாலர். ஒரு மணி நேரம் உரிக்கும் வேலைக்கு இது மோசமான கூலி இல்லை.

உரித்துப் பார்த்த சதவீதம் அப்படியே ஆலையில் கிடைத்துவிடாது. அரைக்கும் இயந்திரத்தில் முடி போன்ற இழைகள் காற்றுப் பிரிப்பானில் பிளாஸ்டிக்கோடு பறந்துவிடும். மெல்லிய இழை அதிகம் என்றால் இழப்பும் அதிகம். ஜெல்லிக் கேபிளில் பசை சல்லடையை அடைக்கும். அதற்குத் தனியாக விலைக் கழிவு பேசுங்கள்.

கேள்வி: உறையை எரித்துவிட்டால் வேலை சுலபம்தானே?

பதில்: பி.வி.சி. உறையில் குளோரின் இருக்கிறது. செம்பு பக்கத்தில் இருந்தால் டையாக்சின் என்ற நச்சு உருவாக அதுவே கிரியாஊக்கி. உடம்புக்கு வரும் கேடு ஒருபுறம், சரக்கும் கெடுகிறது: மெல்லிய கம்பி ஆக்சைடாகி உதிரும், முதல் தரம் இரண்டாம் தரமாகும், முறியும் கம்பியை இரண்டாம் தரத்திலும் எடுக்கமாட்டார்கள்.

கேள்வி: ஏற்றும் இடத்தில் 21.4 டன், இறங்கிய இடத்தில் 20.9. யாரைக் கேட்பது?

பதில்: முதலில் எந்தத் தராசு என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் "இறுதி எடை இறங்கும் துறைமுகத்தில், முத்திரையிட்ட பாலத் தராசில், 0.5 சதவீதம் வரை வித்தியாசம் ஏற்கப்படும்" என்று இல்லாவிட்டால் யாரையும் கேட்க முடியாது. உங்கள் வித்தியாசம் 2.3 சதவீதம், இது தராசுப் பிழை அல்ல.

வழக்கமான காரணங்களில் ஒன்று வெறும் கன்டெய்னர் எடை. கதவில் எழுதியிருக்கும் எடையைக் கழித்தவர் ஒருவர், வெறும் கன்டெய்னரை நிஜமாகவே நிறுத்தவர் இன்னொருவர். கன்டெய்னரின் தரைப்பலகை நனைந்திருந்தால் நூறு கிலோ கூட மாறலாம். மற்றொன்று ஈரமும் எண்ணெயும். கடைசல் சுருள்களில் வெட்டெண்ணெய் இருக்கும், வழியிலேயே வடிந்துவிடும். ஈரத்துக்கு, மாதிரி எடுத்து, 105 டிகிரியில் எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை உலர்த்திப் பார்ப்பதுதான் முறை. காற்றுப் புகாத பையில் மாதிரியை வைக்க மறந்தால் அந்தச் சோதனைக்கே பொருள் இல்லை.

2016 ஜூலை 1 முதல் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் சரிபார்த்த மொத்த எடையைக் கப்பல் நிறுவனத்திடம் கொடுத்தாக வேண்டும். அந்தத் தாளை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். இன்வாய்ஸ் எடை ஒன்றும் அது வேறொன்றும் சொன்னால் கப்பல் புறப்பட்ட அன்றே தெரிந்துவிடும்.

எஞ்சிய காரணம் திருட்டு. 2020-ல் துருக்கியிலிருந்து சீனாவுக்குச் சுத்திகரிக்காத செம்பு என்று கிளம்பிய கன்டெய்னர்களில் வண்ணம் பூசிய நடைபாதைக் கற்கள் வந்து இறங்கின. சரக்கைச் சோதித்தபோது செம்பு இருந்தது. சோதனைக்குப் பிறகு மாற்றி, போலி சீல் போட்டிருந்தார்கள். ஆகவே சோதனை செய்பவர் ஏற்றி முடியும் வரை அங்கேயே நிற்க வேண்டும். கதவை மூடியதும் தன் கையால் ஐ.எஸ்.ஓ. 17712 தர போல்ட் சீல் போட வேண்டும். கால்வாசி, பாதி, முழுவதும் நிரம்பிய நிலைகளிலும், எண் தெரிய சீலையும் படம் எடுக்க வேண்டும். சான்றிதழில் அந்த எண்கள் வர வேண்டும்.

கேள்வி: எல்.சி. (வங்கியின் கடனுறுதிக் கடிதம்) திறந்தால் பணம் பத்திரம்தானே? சி.ஐ.எஃப். (காப்பீடும் கப்பல் கூலியும் சேர்ந்த விலை) என்றால் காப்பீடும் விற்பவருடையதுதானே?

பதில்: இரண்டுமே பாதி உண்மை. எல்.சி. விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன் 5-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது: வங்கி பார்ப்பது ஆவணங்களை, சரக்கை அல்ல. காகிதம் ஒழுங்காக இருந்தால் உள்ளே கல் இருந்தாலும் பணம் போய்விடும். கப்பல் சரக்குச்சீட்டும் உதவாது. மூடிய பெட்டி ஒன்றைப் பெற்றுக்கொண்டோம், உள்ளே இன்னது இருப்பதாக அனுப்பியவர் சொல்கிறார் என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்யாது.

எனவே எல்.சி.யில் கேட்கும் ஆவணங்களில், நீங்கள் பெயர் சொன்ன ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழைச் சேருங்கள். வந்த சான்றிதழை, அதில் அச்சிட்ட எண்ணுக்குப் போன் செய்து சரிபார்க்காதீர்கள். அந்த நிறுவனத்தின் அலுவலக எண்ணை நீங்களே தேடிக் கேளுங்கள். கன்டெய்னர் எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அந்த எண்ணில் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. கற்பனையில் எழுதிய எண் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

காப்பீட்டில், சி.ஐ.எஃப். முறையில் விற்பவர் எடுக்க வேண்டியது மிகக் குறைந்த காப்பான 'சி' பிரிவு மட்டுமே. தீ, கப்பல் கவிழ்தல், மோதல் போன்றவை அதில் உண்டு, திருட்டு கிடையாது. செம்புக்கு வரும் முதல் ஆபத்தே திருட்டு. 'ஏ' பிரிவு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இன்னொரு விஷயம், சி.ஐ.எஃப்.-இல் சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் கப்பலில் ஏறியதுமே ஆபத்து உங்கள் தலைக்கு வந்துவிடுகிறது. உங்கள் துறைமுகத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இருப்பதால் அதுவரை விற்பவர் பொறுப்பு என்று நினைப்பவர்கள் ஏராளம்.

கேள்வி: சுங்கக் குறியீடு 7404 என்று போட்டால் போதுமா? கழிவை நாடு விட்டு நாடு நகர்த்துவதைக் கட்டுப்படுத்தும் பேசல் ஒப்பந்தம் இதற்கும் பொருந்துமா?

பதில்: 7404 வரி வசூலிக்கும் குறியீடு. கழிவா இல்லையா என்பது வேறு கேள்வி, வேறு அதிகாரி.

1992 முதல் நடைமுறையில் இருக்கும் பேசல் ஒப்பந்தத்தில், தூசியாகப் பறக்காத உலோக வடிவில் இருக்கும் செம்பு ஸ்கிராப் பி1010 என்ற எளிய பட்டியலில் வருகிறது. பிளாஸ்டிக் உறை கேபிள் பி1115. ஆனால் அதே கேபிளில் தார், பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய், ஈயம், காட்மியம் போன்றவை ஆபத்தான அளவுக்கு இருந்தால் ஏ1190 என்ற ஆபத்துப் பட்டியல்; இரு நாடுகளின் முன் எழுத்துச் சம்மதம் இல்லாமல் நகர்த்த முடியாது. பழைய காகிதக் காப்புக் கேபிள், ஈய உறைக் கேபிள் இங்கே மாட்டிக்கொள்ளும். 2025 ஜனவரி 1 முதல் மின்னணுக் கழிவு எல்லாவற்றுக்கும், ஆபத்தற்றதானாலும், முன் சம்மதம் வேண்டும். கம்பிக் குவியலுக்குள் நான்கு சர்க்யூட் பலகை கிடந்தால் முழுக் கன்டெய்னரும் நிற்கலாம்.

நாட்டு விதிகள் அதற்கு மேல். சீனா 2021 முதல் திடக்கழிவு இறக்குமதியை முழுமையாகத் தடுத்தது. அதற்கு முன்பே, 2020 நவம்பர் 1 முதல், தன் தரநிலைக்குப் பொருந்தும் செம்பை மறுசுழற்சி மூலப்பொருள் என்ற பெயரில் தாராளமாக அனுமதித்தது. சோதனையில் தேறாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பும், போகவரச் செலவோடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல், அந்நியப் பொருள் 2 சதவீதத்துக்கு மிகாமை உள்ளிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்ட செம்பு, கழிவு என்ற நிலையிலிருந்து வெளியேறலாம். இது 2027 மே 21-க்குப் பிறகு இன்னும் முக்கியமாகும்: அன்று முதல் ஆபத்தற்ற கழிவும் ஓ.இ.சி.டி. என்ற பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பில் இல்லாத நாடுகளில் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டுமே போகலாம். ஐரோப்பா "கழிவு இல்லை" என்று சொல்லி, இறங்கும் நாடு "கழிவுதான்" என்று சொன்னால், சரக்கு கழிவாகவே நடத்தப்படும். கப்பலில் ஏற்றும் முன் இரண்டு பக்கமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கதிர்வீச்சுச் சோதனை செம்புக்கும் அவசியமா?

பதில்: அவசியம். உருக்கும் ஆலைகளில் பெரும்பாலும் வாயிலிலேயே உணர்கருவித் தூண்கள் இருக்கும். செம்பு தானாகக் கதிர் வீசாது. ஆலைகளில் இருந்து வரும் அளவுமானி, மருத்துவக் கருவி போன்றவற்றின் சீசியம்-137 அல்லது கோபால்ட்-60 குப்பி ஸ்கிராப்போடு சேர்ந்து வந்துவிடும். 1983-ல் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸில் கோபால்ட்-60 இப்படித்தான் ஸ்கிராப் களத்துக்கு வந்து, உருக்கப்பட்டு, கட்டுமானக் கம்பிகளில் போய்ச் சேர்ந்தது. நடுவில் புதைந்த குப்பியைச் சுற்றியுள்ள செம்பே மறைத்துவிடும் என்பதால், கன்டெய்னர் நிரம்பிய பிறகு வெளியே அளப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஏற்றும்போதே தொகுதி தொகுதியாக அளக்கவேண்டும்.

அதே நேரத்தில் இருமுனையும் அடைபட்ட குழாய், கம்ப்ரஸர், சிறு உருளை ஆகியவற்றையும் பொறுக்கி எடுத்துவிடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு கைப்பிடித் தண்ணீர் இருந்தாலும் உருகிய செம்பில் விழும்போது அது வெடிக்கும்.